வாத்தியாரும் உபதேசியாரும்: செங்கற்பட்டுப் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியரின் பணிவாழ்வு

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவிய குருக்களின் வரலாறாகவும், அவற்றுக்கு நிலமும் பணமும் தந்த கொடையாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அடிக்கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் நினைக்கப்படுகின்றனர். அந்தக் கட்டடத்திற்குள், பல இடங்களில் கட்டடம் என்று சொல்லத் தகாத கீற்றுக் கொட்டகைக்குள், முப்பது நாற்பது ஆண்டுகள் நின்று எழுத்தறிவித்தவர்கள் நினைக்கப்படுவதில்லை. இந்தப் பள்ளிகளைத் தாங்கி நின்றது அயல்நாட்டு நிதியைக் காட்டிலும், குறைந்த ஊதியத்தில் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்த பொதுநிலை ஆசிரியர்களின் உழைப்பே என்பதும், அவர்களை ஊருக்கு இன்றியமையாதவர்களாக ஆக்கிய அந்த இரட்டைப் பணியே அவர்களைப் பாதுகாப்பற்றவர்களாகவும் வைத்திருந்தது என்பதும் இச்சொற்பொழிவின் கருத்துகளாகும். பொதுநிலையினர் என்னும் சொல் குருத்துவமோ துறவற வாக்குறுதியோ ஏற்காத, குடும்ப வாழ்வில் உள்ள திருச்சபை உறுப்பினர்களைக் குறிக்கும்.

காஞ்சிபுரம் நகரில் கிறித்தவக் கல்வி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சீர்திருத்தச் சபையினரின் பணியே. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயர் இந்நகரத்துப் பள்ளியில் இன்றும் நிலைத்துள்ளது. அதனோடு இணையாகப் பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி வளர்ந்தது. கத்தோலிக்கக் கல்விப்பணி இந்நகரைக் காட்டிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சேரிகளிலுமே வேர்கொண்டது. ஆகவே அப்பள்ளிகளின் ஆசிரியரை அறிய விரும்புவோர் கோபுரங்களுக்கும் தறிவீடுகளுக்கும் நடுவிலிருந்து சற்று வெளியேறி, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களுக்கும், தென்மேற்கே சேத்துப்பட்டு வரை விரியும் வட ஆர்க்காட்டு ஊர்களுக்கும் செல்ல வேண்டியுள்ளது. இப்பகுதியில் பணியாற்றிய குருக்களுள் ஒரு சாரார் சென்னையைச் சார்ந்தவர்கள், மற்றொரு சாரார் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு நாட்டவர். ஆட்சி எல்லைகள் பலமுறை மாறியபின், 2002இல் செங்கற்பட்டு தனி மறைமாவட்டமாக, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபை நிர்வாகப் பகுதியாக, அமைக்கப்பட்டது.

இந்த ஊர்களில் ஆசிரியருக்கு மூன்று பெயர்கள் வழங்கின. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர் வாத்தியார். செபம் சொல்லித் தரும்போதும் குருவோடு ஊர் ஊராகச் செல்லும்போதும் உபதேசியார். கோயில் மணியடித்துப் பீடத்தைத் துப்புரவு செய்து விளக்கேற்றும்போது கோயில்பிள்ளை. பெரிய பங்குகளில் இம்மூன்று வேலைகளுக்கும் மூவர் இருந்ததுண்டு. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள தலைமைக் கோயிலும் அதைச் சார்ந்த கிளை ஊர்களும் சேர்ந்த வட்டாரமாகும். கிளை ஊர்களிலோ ஒரே மனிதரே மூன்று பெயர்களுக்கும் உரியவராக இருந்தார். ஊதியம் மட்டும் ஒருவருக்கு உரியதாகவே இருந்தது.

உபதேசியார் என்னும் பணிநிலை பள்ளிக்கூடத்தைவிடப் பழமையானது. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய மறைப்பணியில் குருக்களின் எண்ணிக்கை எப்போதும் விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்தமையால், சிதறிக் கிடந்த கிறித்தவக் குடும்பங்களைக் கூட்டிச் செபிக்கவும், நோயாளிகளைப் பார்க்கவும், இறக்கும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கவும் உள்ளூர் மனிதர்களே பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களை அக்காலத்தில் வேதியர் என்றழைத்தனர். 1747இல் மறைந்த வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு முழு உரைநடை நூலையே அவர்களுக்காக எழுதியிருப்பது, இந்தப் பணியாளர்கள் எத்தனை முதன்மையானவர்களாகக் கருதப்பட்டனர் என்பதைக் காட்டும். தேம்பாவணியைப் பாடிய புலவர், ஊர் ஊராக நடந்து செல்லும் எளிய பணியாளருக்காகவும் எழுத்தாணி எடுத்தார் என்பது தமிழ் உரைநடை வரலாற்றில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும். இவ்விருவரும் சார்ந்திருந்த துறவற அமைப்பான இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், ஒரு குருவைப் பார்க்க நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்த ஊர்களில் கிறித்தவ வழிபாடு அறுந்துபோகாமல் இருந்ததற்கு வேதியர்களின் உழைப்பு பெருங்காரணமாக இருந்தது.

பள்ளிக்கூடம் இந்த வேதியரின் தோளில்தான் பின்னர் ஏற்றப்பட்டது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னாந்து தலைமையில் புதுச்சேரியில் கூடிய திருச்சபை மன்றம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் பிள்ளைகளின் கல்வியையும் தன் முதன்மைக் கவலைகளாகக் கொண்டது. அதன் பின்னர், கிளை ஊரில் செபக்கூடமாக இருந்த கொட்டகை வார நாட்களில் பள்ளியாக மாறுவதும், ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர் அரிச்சுவடியையும் எண்சுவடியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதும் இயல்பாக நிகழ்ந்தன. ஞானோபதேசம் என்பது வினா விடை முறையில் அமைந்த சமயப் பாடம்; அதன் சுருக்க நூலைச் 'சின்னக் குறிப்பிடம்' என்று மக்கள் அழைத்தனர். புத்தகம் வாங்க வழியில்லாத வீடுகளின் பிள்ளைகளும் அதை மனப்பாடமாகச் சொல்ல வல்லவர்களாக இருந்தார்கள் என்றால், அது வாத்தியாரின் தொண்டையால் விளைந்தது.

கிளை ஊர் ஆசிரியரின் ஒரு நாள் இவ்வாறு அமைந்திருந்தது. விடியுமுன் கோயில் மணியடித்துக் காலைச் செபம் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் ஞானோபதேசம் நடத்த வேண்டும். பிறகு ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் ஒருவரே நடத்த வேண்டும். ஓராசிரியர் பள்ளியில் இது எவ்வாறு இயன்றது என்று இன்றைய ஆசிரியர் வியக்கக்கூடும். அதற்கு விடை திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையில் உள்ளது. மூத்த மாணவனே இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து ஒழுங்கையும் காக்கும் இந்த முறையை, சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பாளரான ஆண்ட்ரூ பெல் கண்டு, தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன்பின் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆக, செலவில்லாமல் பெருந்தொகைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழியை ஐரோப்பா இங்கிருந்தே கற்றுக்கொண்டது எனலாம்.

மாலையில் பள்ளி முடிந்தபின் மாடு மேய்க்கும் சிறுவருக்கும் பண்ணைக் கூலிகளுக்கும் இராப்பள்ளி நடத்திய ஆசிரியர்கள் பலர். குரு வருகிறார் என்றால் ஊரைத் துப்புரவு செய்து, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திற்கு மக்களை ஆயத்தப்படுத்தி, கலியாண ஓலை வாசித்து, சண்டையிட்ட குடும்பங்களைச் சமாதானப்படுத்தி வைக்க வேண்டும். கலியாண ஓலை வாசித்தல் என்பது மணமக்களின் பெயர்களை மூன்று ஞாயிறுகளில் கோயிலில் அறிவித்து, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கக் கேட்கும் வழக்கமாகும். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் செபக்கூட்டத்தை நடத்துபவரும் அவரே. இதனால் வாரத்தின் ஏழு நாட்களில் ஒன்றும் அவருக்கு ஓய்வு நாளாக இல்லை. பங்குகளின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டும் ஆய்வாளர், பல இணையர்களுக்கு ஒரே ஆள் சாட்சிக் கையொப்பம் இட்டிருப்பதைக் காண நேரும்போது, அந்தக் கையொப்பம் உபதேசியாருடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். தனியே வாழ்க்கை வரலாறு எழுதப்படாத ஒருவரின் பணிக்காலத்தை அந்தக் கையொப்பங்களின் முதல் ஆண்டையும் இறுதி ஆண்டையும் கொண்டே கணித்துவிட இயலும்; கல்வி வரலாற்று மாணவர்கள் இந்தச் சான்றுகளை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

ஊதியம் என்ற கேள்விக்கு வரும்போது, திண்ணைப் பள்ளி ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டு எடுத்த கணக்கு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பெற்றோரிடமிருந்து தானியமும் காசும் பெற்றனர். நவராத்திரியில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிச் சென்று ஆசிரியருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தனர். கோயில் விழாவோடும் சடங்கோடும் பிணைந்த இந்த வருவாய் கத்தோலிக்க ஆசிரியருக்கு உரியதாக இருக்க இயலவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நிலமற்றவர்களாக இருந்தமையால், அறுவடைக் காலத்து நெல்லும் திருவிழா நாளின் சிறு காணிக்கையும் தவிர அவர்களிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. எனவே அவர் முழுவதும் பங்குக் குருவையே நம்பியிருந்தார். அந்தக் குருவோ, 1822இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கப்பட்ட மறைபரப்பு உதவிக் கழகம் போன்ற அமைப்புகள் அனுப்பிய பணத்தையும் தம் உறவினரும் நண்பரும் அனுப்பியதையும் நம்பியிருந்தார். லியோன் நகரத்து ஏழைத் தொழிலாளரின் வாராந்தரக் காசு, கடல் கடந்து வந்து செங்கற்பட்டுச் சேரி ஆசிரியரின் வீட்டு உலைக்கு அரிசியானது. அந்தக் காசு தாமதமானால் ஆசிரியரின் சம்பளமும் தாமதமானது. 1914இல் உலகப் போர் மூண்டதும் பிரெஞ்சுக் குருக்கள் பலர் தங்கள் நாட்டுப் படைக்கு அழைக்கப்பட்டனர், நன்கொடையும் சுருங்கியது. குருவும் இல்லாத, சம்பளமும் உறுதியில்லாத ஊர்களில் கோயிலும் பள்ளியும் ஆசிரியரின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

ஆசிரியர் குடியிருந்த வீடு கோயில் மனையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் படித்த பள்ளியும் வழிபட்ட கோயிலும் அதே குருவின் பொறுப்பில் இருந்தமையால், முறையிட வேறு கதவு இல்லை. இந்த நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பங்குக் குருவே மேலாளராக இருந்து ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் உரிமை பெற்றிருந்தார். காரணம் காட்டாத நீக்கத்தை எதிர்த்து அந்நாட்டு ஆசிரியர்கள் பல்லாண்டு போராட நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னைக் கத்தோலிக்கத் திருச்சபையை வழிநடத்திய ஓகானர், ஃபெனெலி சகோதரர்கள், கோல்கன் ஆகிய ஆயர்கள் அனைவரும் அயர்லாந்துக்காரர்கள். தங்கள் நாட்டில் இயல்பாகத் தோன்றிய ஒரு நிர்வாக முறை இங்கும் அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். பள்ளித் தாளாளர், அதாவது கல்வித்துறையோடு கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமை பெற்ற நிர்வாகி, பங்குக் குருவாகவே இருந்த வழக்கத்தை இந்தப் பின்னணியில் வைத்தும் படிக்க வேண்டும்.

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை இந்த உறவுக்குள் அரசைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம். அவை கற்பிக்கும் சமயக் கொள்கையை ஆய்வாளர் கண்டுகொள்ள வேண்டியதில்லை. உலகியல் பாடங்களின் தரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பது அதன் நெறி. ஒரே ஆசிரியர் காலையில் குருவுக்கும் பகலில் இன்ஸ்பெக்டருக்கும் கணக்குச் சொல்லும் நிலை அப்போது பிறந்தது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த 'விளைவுக்கேற்ற மானியம்' என்னும் முறை அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லி, தேறிய தலைக்கு இத்தனை என்று மானியம் கணக்கிடுவது அந்த முறையாகும். பள்ளியின் ஓராண்டு வருவாய் ஒரே நாளின் தேர்வில் தொங்கியது. அம்மை கண்ட பிள்ளையும், அறுப்புக்குப் போய்விட்ட பிள்ளையும் அன்றைக்கு வரவில்லையென்றால் ஆசிரியரின் உழைப்பு கணக்கில் ஏறாது. விடியற்காலையில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வைத்து அழைத்து வருவதும் ஆசிரியரின் வேலையாயிற்று. மனப்பாடத்தைத் தமிழ்ப் பள்ளிகளின் பிறவிக் குறை என்று பழிப்போர், நிறுத்தாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கே பணம் தந்த இந்த மானிய முறையின் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1891 என்னும் ஆண்டு இவ்வரலாற்றில் தனியே நின்று பார்க்கத்தக்கது. அந்த ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மை, பண்ணையடிமை நிலை, கல்வியின்மை ஆகியவற்றை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாகவே 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் அதுவே. 1893இல் வெளிவந்த கல்வி ஆணை, அக்காலத்தில் பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியத்தையும், அவர்களிலிருந்து ஆசிரியராகப் பயில்வோருக்கு உதவித்தொகையையும் வகுத்தது. சேரிப் பள்ளிகளை நடத்தியவர்களுள் கிறித்தவ மறைப்பணியாளர் முன்நின்றமையால், அந்த மானியம் கத்தோலிக்கச் சேரி ஆசிரியருக்கும் பயன்பட்டது. அதே 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், உழைப்பாளியின் ஊதியம் அவன் சிக்கனமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக அவன் ஒப்புக்கொண்டாலும் அது நீதியாகாது என்றும் உலகத் திருச்சபைக்குக் கற்பித்தது. அந்தப் போதனையைத் தம் பள்ளிக் கொட்டகையில் நின்று ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய மனிதரின் சொந்த ஊதியம் அந்த அளவுகோலுக்கு எட்டவில்லை. பல குருக்கள் தாமே வறுமையில் வாழ்ந்தனர் என்பதும், இருந்ததைப் பகிர்ந்தே கொடுத்தனர் என்பதும் உண்மை. ஆனால் துறவியின் வறுமை அவர் தேர்ந்துகொண்டது. நான்கு பிள்ளைகளுக்குச் சோறிட வேண்டிய ஆசிரியரின் வறுமையைத் தொண்டு என்ற சொல்லால் அழைத்தபோது, அவர் மனைவியும் மக்களும் கேட்கப்படாமலேயே அந்தத் தொண்டில் சேர்க்கப்பட்டனர்.

சாதி இந்தப் பணிவாழ்வின் ஒவ்வொரு நாளிலும் இருந்தது. சேரியில் பிறந்து படித்து ஆசிரியரான ஒருவர், ஊர்ப் பொதுத் தெருவில் நடந்து பள்ளி மானியத்தைப் பெற்றுவரச் செல்வதே இடர்ப்பாடாக இருந்த காலம் அது. செங்கற்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருவும் பொதுக் கிணறும் அனைவருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அது அரசாணையானது 1924இல்தான். கோயிலுக்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரித்து அமர்ந்த ஊர்கள் இருக்கையில், பள்ளிக்குள் பிள்ளைகளை ஒரே பாயில் உட்கார வைப்பது ஆசிரியரின் நெஞ்சுரத்தைப் பொறுத்ததாக இருந்தது. உரம் இருந்தும் ஊரின் எதிர்ப்பால் வருகைப்பதிவு சரிந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் தாளாளரின் கேள்வி வரும். சேரிப் பிள்ளையை அருகே அழைத்துக் கைபிடித்து எழுத வைத்த ஆசிரியர்கள் இந்த அச்சங்களுக்கு நடுவில்தான் அதைச் செய்தார்கள்.

பெண் ஆசிரியர்களின் நிலை வேறொரு வழியில் உருவானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்ணுக்கு எழுத்துக் கற்பிப்பது, கோயில் நாட்டியக் குலத்துப் பெண்களோடு சேர்த்து எண்ணப்பட்ட செயலாக இருந்தமையால், கோயில் நகரங்களை ஒட்டிய ஊர்களில் பெற்றோர் அதற்கு அஞ்சினர். அந்த அச்சத்தை உடைப்பதற்காகவே 1844 அக்டோபரில் துப்புயி அடிகளார் புதுச்சேரியில் மரியாவின் மாசற்ற இதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்களே தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். மிஷன் அச்சகத்தை நடத்தித் தமிழ் – பிரெஞ்சு அகராதிப் பணியிலும் பங்குகொண்ட அவர், கன்னியருக்கான பாடநூல்களிலும் கருத்துச் செலுத்தினார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1842இல், அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்திருந்தனர். கன்னியரின் ஊதியம் சபையின் பொதுநிதிக்குச் சென்றமையால் பெண்கள் பள்ளிகள் குறைந்த செலவில் நடந்தன. இதன் மறுபக்கம், அதே பள்ளியில் வேலை பார்த்த குடும்பப் பெண்ணும் கைம்பெண்ணும் ஊதியம் பற்றிப் பேசுவது கடினமாக இருந்ததாகும். உணவும் உறையுளும் மடத்தில் பெறும் துறவியின் செலவுக் கணக்கு, பிள்ளையை வளர்க்கும் கைம்பெண்ணுக்குப் பொருந்தாது. அயர்லாந்து அரசு 1934 முதல் 1958 வரை தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் திருமணமானதும் பணிவிலக வேண்டும் என்று விதியே வைத்திருந்தது. இங்கு அத்தகைய எழுதிய விதி தேவைப்படவில்லை. பள்ளிக்கு அருகே குடும்ப வீடு இல்லாமையும் மாமியார் வீட்டின் மறுப்புமே அந்த வேலையைச் செய்தன.

காஞ்சிபுரம் நகரத்திற்குள் பள்ளி எந்த நிர்வாகத்தைச் சார்ந்ததாயினும் ஆசிரியர் எதிர்கொண்ட பொதுச் சிக்கல் ஒன்று உண்டு; அது தறியிலிருந்து வந்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்து இரண்டையும் இழைக்கு இழை கோத்துச் சேர்க்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளரின் கைக்கு எட்டாத கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளுவதற்கு ஓர் உதவியாள் பக்கத்தில் அமர வேண்டும். அந்த உதவியாள் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காக அந்தப் பிள்ளை தறியில் இருந்தது. முகூர்த்த மாதங்கள் நெருங்க நெருங்க வகுப்பு காலியாகும். மழை பிடித்துத் தெருவில் பாவு விரிக்க இயலாத நாட்களில் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். கிராமத்து ஆசிரியரின் வருகைப்பதிவேடு நாற்றுக்கும் அறுப்புக்கும் ஏற்ப ஏறி இறங்கியது போல், நெசவுத் தெரு ஆசிரியரின் பதிவேடு கலியாணச் சந்தைக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் புகுத்திய, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்த, திருத்தியமைத்த கல்வித் திட்டம் இந்தச் சிக்கலைப் பிள்ளையைத் தொழிலிடம் விட்டுக்கொடுத்துத் தீர்க்க முனைந்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேர வகுப்பு. மீதிப் பொழுது பெற்றோரின் தொழில். பிள்ளைகளை இரண்டு முறைகளாகப் பிரித்ததனால் ஆசிரியர் ஒரே பாடத்தை நாளில் இருமுறை நடத்த வேண்டியதாயிற்று. இந்நகரத்துக்காரரான அண்ணாதுரை முன்நின்ற எதிர்ப்பும் பெரியாரின் போராட்டமும் அத்திட்டத்தின் சாதி விளைவை வெளிப்படுத்தின. 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். ஆசிரியரின் வேலைப்பளு அந்த விவாதத்தில் ஓரமாகவே பேசப்பட்டது.

ஆசிரியர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசத் தொடங்கியது அதற்கு வெகு முன்பே. 1895இல் சென்னை ஆசிரியர் கில்டும், 1908இல் தென்னிந்திய ஆசிரியர் சங்கமும் தோன்றின. ஆனால் அவை முதலில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ஆசிரியரின் மேடைகளாகவே இருந்தன. ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் குரல் பின்னரே அமைப்பானது. உதவிபெறும் பள்ளிகளின் மானியம் நிர்வாகத்தின் கைவழியாகவே ஆசிரியரை வந்தடைந்தமையால், கையொப்பமிட்ட தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு என்னும் குறை பல நிர்வாகங்களின் பள்ளிகளில் நெடுங்காலம் பேசப்பட்டது. மறைப்பணிப் பள்ளிகளில் அந்தப் பிடித்தம் கோயிலுக்கான காணிக்கை என்னும் பெயரைப் பெறக்கூடியதாக இருந்ததால், மறுத்தவர் ஊதியத்தை மட்டுமன்றித் தம் பக்தியையும் மெய்ப்பிக்க வேண்டியவரானார்.

இந்தப் பகுதியின் மண் தந்த ஒரு மனிதரே மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டார். காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு 1954இல் பொதுக்கல்வி இயக்குநரானார். காமராஜர் ஆட்சியில், 1955 ஏப்ரல் முதல், உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியருக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியரின் முதுமை, வேலைக்குப் போன மகனின் கையிலோ குருவின் இரக்கத்திலோ இருந்தது. கண் மங்கிய பின்னும் கரும்பலகையின் முன் நின்றவர்கள் வேலையின் மீதுள்ள பற்றினால் மட்டும் நிற்கவில்லை; வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதனாலும் நின்றார்கள். மதிய உணவுத் திட்டம் பரவியபோது விறகும் அரிசியும் கணக்கும் ஆசிரியரின் தலையில் ஏறின. ஆயினும் பசித்த பிள்ளையை நிறுத்தி வைத்துப் பாடம் சொல்லும் கொடுமையிலிருந்து அது அவர்களை விடுவித்தது. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பணிநீக்கத்திற்கு விசாரணையும் மேல்முறையீடும் வேண்டும் என்று வகுத்தது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நடத்த அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமைக்கும், அந்நிறுவனங்களில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்கும் இடையே எழுந்த வழக்குகள் நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்தன. அவ்வழக்குகளை அரசுக்கும் திருச்சபைக்கும் இடைப்பட்ட உரிமைப்போராக மட்டும் படிப்பது போதாது. அந்தப் பாதுகாப்பை வேண்டி நின்றவர்களுள் பலர் ஞாயிறு தவறாமல் அதே கோயிலில் முழந்தாளிட்டவர்கள்.

அரசு ஊதியம் உறுதியானதும் வாத்தியாரும் உபதேசியாரும் பிரிந்தனர். ஆசிரியப் பயிற்சி தரும் போதனாமுறைப் பள்ளியில் பயின்று சான்றிதழ் பெற்றவர் ஆசிரியராகவும் ஓய்வூதியத்திற்கு உரியவராகவும் ஆனார். சான்றிதழ் இல்லாதவர், அவர் முப்பதாண்டு எழுத்தறிவித்தவராயினும், உபதேசியாராக மட்டும் எஞ்சினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின், 1960களின் நடுவிலிருந்து, வழிபாடு தமிழில் நடக்கத் தொடங்கிப் பொதுநிலையினர் பலர் வாசகமும் செபமும் நடத்த முன்வந்தபோது, அந்த எஞ்சிய பணியின் தனித்தேவையும் குறைந்தது. ஆசிரியர் தம் வீட்டை நகரத்தில் கட்டிக்கொண்டு பேருந்தில் வந்து சென்றார். பிணக்குத் தீர்க்கவும் மனு எழுதவும் நள்ளிரவில் தட்டுவதற்கு ஊருக்கு ஒரு கதவு இல்லாமற்போயிற்று. இதை ஆசிரியரின் குற்றமாகப் பேசுவது முறையன்று. அந்தக் கதவு திறந்திருந்ததற்கு அவருடைய முன்னோர் கொடுத்த விலையை ஊரும் திருச்சபையும் ஒருபோதும் முழுமையாகத் திருப்பித் தரவில்லை.

1991 – 92ஆம் கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாடு அரசு முடிவு செய்து, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென ஒரு பிரிவையும் சேர்த்தது. அதன்பின் கத்தோலிக்க நிர்வாகங்கள் தொடங்கிய பள்ளிகள் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே ஆசிரியருக்கு ஊதியம் தர வேண்டியவையாயின. ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே பட்டயமும் பட்டமும் பெற்று, ஒரே வகுப்புக்குப் பாடம் சொல்லும் இருவரில் ஒருவர் அரசு ஊதியமும் மற்றொருவர் நிர்வாகம் வகுத்த ஊதியமும் பெறும் நிலை உருவானது. இரண்டாமவரின் பணிப் பாதுகாப்பு, ஓய்வுக்கால வாழ்வு, மகப்பேற்று விடுப்பு ஆகியவை நடைமுறையில் பெரும்பாலும் தாளாளரின் மனத்தைப் பொறுத்தவையாக உள்ளன. அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள்.